முதல் வகுப்பில் எத்தனை பேர்?

2025 மே 8 அன்று பிளஸ் டூ முடிவுகள் வெளியானபோது 98.82 சதவீதத் தேர்ச்சியோடு மாநிலத்திலேயே முதலிடத்தில் இருந்தது அரியலூர் மாவட்டம். ஈரோடும் திருப்பூரும் அதற்கு அடுத்தே வந்தன. அரசுப் பள்ளிகளை மட்டும் தனியாக எடுத்தாலும் 98.32 சதவீதத்துடன் அரியலூருக்கே முதலிடம். அந்த ஆண்டு மாநில அளவில் அரசுப் பள்ளிகளின் தேர்ச்சி 91.94 சதவீதம். அதற்கு முந்தைய ஆண்டு பத்தாம் வகுப்பில் 97.31 சதவீதம் எடுத்து முதலில் நின்றதும் இதே மாவட்டம்தான். 2023இல் பத்தாம் வகுப்பு முதலிடம் பக்கத்துப் பெரம்பலூருக்குப் போயிருந்தது.

இந்த எண்களின் அருமை தெரிய வேண்டுமென்றால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்க்க வேண்டும். அப்போது அரியலூரின் எழுத்தறிவு 71.34 சதவீதம். தமிழ்நாட்டில் இதைவிடக் கீழே இருந்தது தர்மபுரி மட்டுமே. பெண்களில் பத்துக்கு ஆறு பேரே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். அந்தத் தாய்மார்களின் பிள்ளைகள்தான் இன்று மாநிலத்தின் முதல் வரிசையில் நிற்கிறார்கள். பெரிய நகரமோ பேர்பெற்ற உறைவிடப் பள்ளிக் கூட்டமோ இல்லாத மாவட்டம் இது. சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும் முந்திரிக்காடும் நெல்வயலுமான மண்ணில் இந்தத் தேர்ச்சி வந்திருக்கிறது என்றால் அதன் பெரும்பங்கு அரசுப் பள்ளி ஆசிரியர்களைத்தான் சேரும்.

அந்த உழைப்பு எப்படி நடக்கிறது என்பது கிராமத்து மேல்நிலைப்பள்ளிகளை அறிந்தவர்களுக்குத் தெரியும். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் 'மெல்லக் கற்கும் மாணவர்கள்' பட்டியல் தயாராகும். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் ஸ்பெஷல் கிளாஸ். தினமும் ஒரு ஸ்லிப் டெஸ்ட். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் வினாக்களைத் தொகுத்த மெல்லிய கையேடு ஒன்று ஒவ்வொரு பாடத்துக்கும் உண்டு. இரண்டு நாள் வராத பையனின் வீட்டுக்கு ஆசிரியர் பைக்கில் போய் நிற்பார். கரும்பு வெட்டவோ செங்கல் சூளைக்கோ அவன் போயிருந்தால் அப்பாவிடம் பேசி அழைத்து வருவார். சிறிய மாவட்டம் என்பதால் முதன்மைக் கல்வி அலுவலரால் ஒவ்வொரு பள்ளியின் பட்டியலையும் பெயர்வாரியாகப் பார்க்க முடிகிறது. இதைக் குறைத்து மதிப்பிடுகிறவர்கள், தேர்வில் தோற்ற ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு அடுத்த மாதமே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். தேர்ச்சி அவளுக்கு வெறும் சதவீதம் அன்று. கல்லூரி வாசலையும் கல்யாண மேடையையும் பிரிக்கும் கோடு அது.

ஆனாலும் இந்தச் சதவீதம் எதை அளக்கிறது என்பதை நேராகச் சொல்ல வேண்டும். பிளஸ் டூவில் செய்முறைத் தேர்வு உள்ள ஒரு பாடத்தில் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்ணுக்கு. அதில் குறைந்தது 15 எடுத்து, 20-க்கான செய்முறை, 10-க்கான அகமதிப்பீடு ஆகியவற்றில் பெற்றதோடு கூட்டி மொத்தம் 35 வந்தால் தேர்ச்சி. விளிம்பில் நிற்கும் பிள்ளையைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போடப் பள்ளிக்கு இடமிருக்கிறது. அப்படி இழுத்துப் போடுவதும் நல்ல காரியமே. அடுத்து, தேர்ச்சிச் சதவீதம் கணக்கிடப்படுவது தேர்வு எழுதியவர்களை வைத்து மட்டும். 2023 மார்ச் 13 அன்று நடந்த பிளஸ் டூ மொழித்தாள் தேர்வுக்கு மாநிலம் முழுவதும் 50,000-க்கும் மேற்பட்டோர் வரவில்லை. பெயர் இருந்தது, ஹால் டிக்கெட் இருந்தது, பிள்ளை இல்லை. அவர்கள் யாரும் தோற்றவர் கணக்கில் வரமாட்டார்கள்.

மதிப்பெண்ணின் வலிமையும் எல்லையும் ஒருசேரத் தெரிந்த ஊரும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. செந்துறை பக்கம் குழுமூரைச் சேர்ந்த அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்தார். 2017இல் மருத்துவப் படிப்புக்கு நீட் என்னும் வேறொரு தேர்வு குறுக்கே வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். மூன்று ஆண்டுகள் கழித்து, 2020இல், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. 2022இல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரியே திறக்கப்பட்டு, பின்னர் அதன் அரங்கத்துக்கு அனிதாவின் பெயர் சூட்டப்பட்டது. பள்ளிப் படிப்பின் கடைசிப் படியில் நின்றுகொண்டு இந்த மாவட்டம் கேட்ட கேள்விகளுக்கு மாநிலம் ஓரளவு பதில் சொல்லியிருக்கிறது. முதல் படியைப் பற்றி யாரும் அவ்வளவு உரக்கக் கேட்கவில்லை.

அந்த முதல் படியைப் பார்க்கத் திருமானூர் ஒன்றியம் பொருத்தமான இடம். கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது ஊர். பாலத்தைக் கடந்தால் தஞ்சாவூர் மாவட்டம், திருவையாறு வழியாகத் தஞ்சை. வடக்கே போனால் கீழப்பழுவூர் தாண்டி அரியலூர். ஆற்றோரத்தில் நெல்லும் கரும்பும், மேட்டில் பருத்தியும் மக்காச்சோளமும். கீழப்பழுவூர் பக்கம் சிமெண்ட் ஆலையும் சர்க்கரை ஆலையும். திருமழபாடி, ஏலாக்குறிச்சி, காமரசவல்லி என்று வரலாற்றில் பேர்போன ஊர்கள் ஒருபுறம். பெயர்ப்பலகையைப் பார்ப்பதற்குள் பேருந்து தாண்டிவிடும் சிற்றூர்கள் மறுபுறம். இந்தச் சிற்றூர்களின் நடுவே, பெரும்பாலும் மாரியம்மன் கோவிலுக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் பக்கத்தில், மஞ்சளோ நீலமோ பூசிய ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி இருக்கும்.

அந்தப் பள்ளியின் கணக்கை எந்தப் பதிவேட்டையும் திறக்காமலே போட்டுவிடலாம். மாதிரி பதிவு முறைக் கணக்கெடுப்பின்படி 2020இல் தமிழ்நாட்டின் பிறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 13.8. அதாவது 1,500 பேர் வாழும் ஊரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 குழந்தைகள் பிறக்கும். அதில் பாதி தனியார் பள்ளி வேனில் ஏறினால் ஊர்ப்பள்ளியின் முதல் வகுப்புக்கு 10 பேர். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 50 பேர். 700 பேர் வாழும் சிற்றூர் என்றால் பிறப்பு 10, சேர்க்கை 5, மொத்தப் பள்ளியும் 25. 1970களின் தொடக்கத்தில் பிறப்பு விகிதம் 30க்கு மேல் இருந்தது, வேனும் இல்லை. அன்றைக்கு இதே 1,500 பேர் ஊரில் ஆண்டுக்கு 45 குழந்தைகளுக்கு மேல் பிறந்தன. பள்ளிக்கூடம் நிரம்பி வழிந்த காலத்தைப் பற்றித் தாத்தாக்கள் சொல்வது மிகையல்ல. குடும்பக் கட்டுப்பாட்டில் வெற்றி பெற்ற மாநிலம் அந்த வெற்றிக்கு ஏற்றபடி தன் பள்ளிகளைத் திருத்தி அமைக்க மறந்துவிட்டது என்பதுதான் என் முதல் குறை.

இனிதான் விஷயம் சிக்கலாகிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் அட்டவணைப்படி, ஒன்று முதல் ஐந்து வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 ஆனால் மூன்று, 91 ஆனால் நான்கு. ஆறு முதல் எட்டு வரை உள்ள வகுப்புகளுக்கு மட்டும் சட்டம் வேறு விதமாகப் பேசுகிறது. அங்கே வகுப்புக்கு ஒருவராவது இருக்க வேண்டும். அறிவியலுக்கும் கணக்குக்கும் ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வகுப்பாசிரியரை உறுதி செய்த சட்டம், ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதைச் செய்யவில்லை. எழுத்தை முதன்முதலாகப் பார்க்கும் குழந்தைக்குத்தான் ஆசிரியரின் கை அதிகம் தேவை. இதைவிடத் தலைகீழான ஏற்பாடு நம் கல்வியில் வேறெதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆக, நாம் கணக்கிட்ட 50 பிள்ளைகள் உள்ள பள்ளியில் ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். ஒருவர் தலைமையாசிரியர். எமிஸ் எனப்படும் கல்வித்துறை இணையதளத்தில் வருகைப்பதிவு, காலை உணவு, சத்துணவு எண்ணிக்கை, இலவசப் புத்தகம், சீருடை அளவு, வங்கிக் கணக்கு, வட்டாரக் கல்வி அலுவலகக் கூட்டம் எல்லாம் அவர் தலையில். இன்னொரு இடைநிலை ஆசிரியர் பயிற்சிக்குப் போனாலோ, மருத்துவ விடுப்பில் இருந்தாலோ, மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்கு அனுப்பப்பட்டாலோ அன்றைக்கு அது ஓராசிரியர் பள்ளி.

ஆகஸ்ட் முதல் தேதி நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியாளர் நிர்ணயம் செய்கிறார்கள். ஜூலை மாதம் தலைமையாசிரியருக்கு இருக்கும் பதற்றம் சாதாரணமானதல்ல. 61 இருந்த இடத்தில் இரண்டு குடும்பம் திருப்பூருக்குப் பிழைக்கப் போய் 58 ஆகிவிட்டால் மூன்றாவது ஆசிரியர் 'உபரி'. பணி நிரவலில் அவர் வேறு ஊருக்குப் போய்விடுவார். அவர் போனதைப் பார்த்து, 'டீச்சர் இல்லாத பள்ளிக்கூடத்தில் எதற்கு விட்டுவைக்க வேண்டும்' என்று இன்னும் நாலு பேர் டி.சி. வாங்குவார்கள். அடுத்த ஆகஸ்டில் எண்ணிக்கை இன்னும் குறையும். பிள்ளைகள் குறைந்ததால் ஆசிரியர் குறைகிறார் என்று அரசு சொல்கிறது. ஆசிரியர் குறைந்ததால் பிள்ளையை மாற்றினேன் என்று அப்பா சொல்கிறார். இரண்டும் உண்மை. ஆனால் இந்தச் சுழலை நிறுத்தும் திறன் இருவரில் அரசுக்கு மட்டுமே இருக்கிறது. கூலி வேலைக்குப் போகும் அப்பாவிடம் அதை எதிர்பார்ப்பது அநியாயம்.

பெற்றோரைக் குறை சொல்வது மேடைகளில் பழகிப்போன ஒன்று. ஆங்கில மோகம், டை கட்டும் மோகம், பக்கத்து வீட்டைப் பார்த்துச் செய்யும் கௌரவம் என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மூன்று வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு வயலுக்கோ நூறு நாள் வேலைக்கோ போக வேண்டிய தாயின் பக்கம் நின்று பாருங்கள். தனியார் நர்சரிப் பள்ளி மூன்று வயதில் எல்.கே.ஜி.யில் சேர்த்துக்கொள்கிறது. வீட்டு வாசலிலிருந்து ஏற்றிக்கொண்டு போய் மாலை இறக்கிவிடுகிறது. அரசுத் தொடக்கப்பள்ளி ஐந்து வயதில்தான் கதவைத் திறக்கிறது. ஊர்ப்பள்ளி தன் முதல் வகுப்புச் சேர்க்கையைத் தொடங்கும்போது போட்டி முடிந்து இரண்டு ஆண்டு ஆகியிருக்கும். யு.கே.ஜி. முடித்த பிள்ளையை அங்கிருந்து பிரித்து இங்கே கொண்டுவர எந்தத் தாய்க்கும் மனம் வராது. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் தொடங்கினார்கள். ஆனால் மொழியைவிட வயதுதான் இங்கே தீர்மானிக்கிறது என்று நான் நம்புகிறேன். 2019இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டது சரியான திசை. மாநிலத்தில் அரசுப் பள்ளிகள் 37,000க்கும் மேல் இருக்கும்போது 2,381 என்பது தொடக்கமே தவிர ஏற்பாடு ஆகாது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அரசுப் பள்ளி மாணவருக்கென மாநிலம் தரும் பெரிய சலுகைகள் எந்த வகுப்பிலிருந்து கணக்காகின்றன? 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 2022 செப்டம்பர் 5இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் அதே ஆறு முதல் பன்னிரண்டுதான். 2024 ஆகஸ்டில் பையன்களுக்கு வந்த தமிழ்ப் புதல்வனுக்கும் அப்படியே. இவை அருமையான திட்டங்கள். கல்லூரியில் முதல் தலைமுறைப் பிள்ளைகள் நிற்க இவை முக்கியக் காரணம். ஆனால் இவற்றின் கணக்கைப் புரிந்துகொண்ட குடும்பம் என்ன செய்யும்? ஐந்தாம் வகுப்பு வரை வேன், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. திருமானூர் அரசு மேல்நிலைப்பள்ளி போன்ற மையப் பள்ளிகளுக்கு இது நன்மை. சுற்றியுள்ள சிற்றூர்த் தொடக்கப்பள்ளிகளுக்கு இதனால் ஒரு பிள்ளைகூடக் கூடுதலாக வராது.

அப்படியானால் அந்தச் சிற்றூர்ப் பள்ளியில் மிஞ்சுவது யார்? வேன் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள். தாய் தகப்பன் பிழைக்கப்போன இடத்தில் இருக்க, ஆயா வீட்டில் வளரும் பிள்ளைகள். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள். மகனுக்கு வேன், மகளுக்கு ஊர்ப்பள்ளி என்று பிரித்த வீட்டின் மகள்கள். ஊர்த்தெருப் பிள்ளைகள் வெளியேறிவிட, காலனித் தெருப் பிள்ளைகள் மட்டும் படிக்கும் பள்ளியாக மாறிப்போன இடங்கள் தமிழ்நாட்டில் பல உண்டு. ஒரே பெஞ்சில் எல்லாரும் உட்கார்ந்தார்கள் என்பது பொதுப்பள்ளியின் பெரும் சாதனை. எவரும் சட்டம் போட்டு நீக்காமலே அந்தச் சாதனை பல ஊர்களில் கலைந்துகொண்டிருக்கிறது. எண்ணிக்கைச் சரிவைப் பற்றிப் பேசும் அறிக்கைகளில் இந்த இழப்புக்கு ஒரு பத்திகூட ஒதுக்கப்படுவதில்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு இங்கே தனியாக ஒரு வேலை செய்கிறது. தனியார் பள்ளியின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடம் நலிந்த பிரிவினருக்கு, கட்டணம் அரசு செலுத்தும். தமிழ்நாடு 2013-14 முதல் இதை நடைமுறைப்படுத்துகிறது. அந்த இடத்தில் சேர்ந்த ஏழைப் பிள்ளைக்கு நன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் பத்துப் பேரைத் தேடும் ஊர்ப்பள்ளியிலிருந்து மூன்று பேரை அரசுப் பணத்திலேயே வேனில் ஏற்றினால், அந்த மூவரின் இடம் ஊர்ப்பள்ளிக்கு ஓர் ஆசிரியரின் இடமாக இருக்கலாம். பெரிய நகரத்தில் இது யாருக்கும் தெரியாது. சிற்றூரில் உடனே தெரியும்.

இந்த மண்ணில் கல்வியின் வேர் ஆழமானது. திருமானூர் ஒன்றியத்து ஏலாக்குறிச்சியில்தான் வீரமாமுனிவர் தங்கி, உபதேசியார்களுக்குத் தமிழ் இலக்கணம் சொல்லிக்கொடுத்தார். 1732இல் சதுரகராதியைத் தந்தவர் அவர். எ, ஏ, ஒ, ஓ வேறுபாட்டை இன்று முதல் வகுப்புப் பிள்ளை எழுதும் விதத்தில் நிலைப்படுத்தியவரும் அவரே. ஆனால் எல்லாத் தெருவுக்கும் பள்ளி என்ற எண்ணம் இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வந்தது. காமராசர் ஆட்சியில், 300 பேர் வாழும் ஊருக்கும் ஒரு தொடக்கப்பள்ளி என்று வகுத்தார்கள். நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்தார். 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியது. 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் மேசை, நாற்காலி, மணி, நிலம் என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். இன்றும் பல ஊர்களில் தாம்பாளத்தட்டு ஏந்தி மேளதாளத்தோடு பள்ளிக்குக் கல்விச் சீர் கொண்டுபோகிறார்கள் என்றால் அந்தப் பழக்கம் அறுபதாண்டுக்கும் மேலாக உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

அன்றைக்கு 300 பேர் என்பது 60, 70 பிள்ளைகள் தரும் ஊர். இன்றைக்கு அதே 300 பேர் 20 பிள்ளைகளைத் தந்தால் பெரிது. தமிழ்நாட்டின் கல்வி உரிமை விதிகள் இன்னமும் 300 பேர், ஒரு கிலோமீட்டர் என்றே பள்ளியின் அருகமையை வரையறுக்கின்றன. பள்ளிக்கான வரையறை அப்படியே இருக்க, அதற்குள் இருக்க வேண்டிய ஆசிரியருக்கான வரையறை மட்டும் எண்ணிக்கையோடு கட்டப்பட்டிருக்கிறது. 2025-26 கல்வியாண்டில் ஒரு பிள்ளைகூட இல்லாமல் 200க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் மாநிலத்தில் செயலிழந்தன என்ற செய்தி வந்தபோது பலர் அதிர்ந்தார்கள். இவை ஒரே நாளில் மூடப்பட்டவை அல்ல. 60, 40, 20, 8, 2 என்று ஒவ்வோர் ஆகஸ்டிலும் தேய்ந்து வந்தவை.

பள்ளிகளை இணைத்துவிடலாம், ஐந்து சிறு பள்ளிக்கு ஒரு பெரிய பள்ளி என்று சிலர் சொல்கிறார்கள். சீனா 2001 முதல் இதைப் பெரிய அளவில் செய்தது. மிகச் சின்னப் பிள்ளைகள் விடுதியில் தங்க வேண்டியதாயிற்று, தொலைவு காரணமாகப் படிப்பை நிறுத்தியவர்களும் உண்டு. 2012இல் அரசே அதை நிறுத்தி வைத்தது. ராஜஸ்தான் 2014இல் ஆயிரக்கணக்கான பள்ளிகளை இணைத்தபோதும் தொலைவும் சாதியும் உடனே பிரச்சினையாயின. திருமானூர் ஒன்றியத்தில் இதை யோசிக்கிறவர்கள் தஞ்சாவூர் - அரியலூர் சாலையில் ஒரு காலை நேரம் நின்று பார்க்கட்டும். சிமெண்ட் லாரிகளும் கரும்பு டிராக்டர்களும் ஓடும் அந்தச் சாலையை ஆறு வயதுப் பிள்ளை தனியாகக் கடந்து அடுத்த ஊர்ப்பள்ளிக்குப் போக வேண்டும் என்றால், அதற்கும் ஒரு வேன் வேண்டும். வேனில் ஏறிய பிள்ளை அரசுப் பள்ளி வாசலில்தான் இறங்க வேண்டும் என்று கட்டாயமா என்ன?

சிறிய பள்ளி என்றாலே தாழ்ந்த பள்ளி என்பதும் சரியல்ல. பல வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக் கற்பிப்பதை ஒரு முறையாகவே வளர்த்தவர்கள் இருக்கிறார்கள். கொலம்பியாவில் 1970களில் விக்கி கோல்பெர்ட் முதலானோர் தொடங்கிய 'எஸ்குவேலா நுவேவா' மலைக்கிராமத்துச் சிறு பள்ளிகளுக்காகவே உருவானது. ஆந்திரத்தில் ரிஷிவேலி கிராமக் கல்வி மையம் பாட அட்டைகளையும் ஏணிப்படி போன்ற அடைவுப் படிநிலையையும் வகுத்தது. அதைப் பார்த்து 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் செயல்வழிக் கற்றலைக் கொண்டுவந்தார். 2007-08இல் அது மாநிலம் முழுவதும் பரவியது. பிள்ளை தன் வேகத்தில் படிக்கலாம், ஆசிரியர் குழுவாகப் பிரித்து உட்கார வைக்கலாம் என்பது அதன் சாரம். ஈராசிரியர் பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான முறை வேறில்லை. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகத்தான் பிள்ளைகளைப் பிரிக்கிறார்கள்.

எல்லாம் சரி, ஆனால் மூன்று வகுப்பை மூன்று நிலையாகப் பிரித்தால் ஒன்பது கூட்டம். ஒரு கூட்டத்தோடு தரையில் உட்கார்ந்திருக்கும்போது மற்ற எட்டையும் பார்க்க ஆள் வேண்டும். ரிஷிவேலியில் அந்த முறை வெற்றி பெற்றதற்குக் காரணம் அட்டைகள் மட்டும் அல்ல. அங்கே ஆசிரியருக்கு அந்த வேலையைத் தவிர வேறு வேலை இல்லை. நம் ஊர்களில் அதே ஆசிரியர் பாதி நேரம் போனில் பதிவேற்றிக்கொண்டிருக்கிறார்.

விளைவு அடிப்படைத் திறனில் தெரிகிறது. கிராமப்புறக் கல்வி நிலையை அளக்கும் ஏசர் ஆய்வின்படி தமிழகக் கிராமப்புறத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் 2018இல் 10.2 சதவீதம், கொரோனாவுக்குப் பிறகு 2022இல் 4.8 சதவீதம். 2024இல் அது 12 சதவீத அளவுக்கு ஏறியது. தன்னார்வலர்கள் நடத்திய இல்லம் தேடிக் கல்வியும் எண்ணும் எழுத்தும் சும்மா போகவில்லை என்பதற்கு இந்த ஏற்றம் சாட்சி. ஆனால் 12 என்பது மகிழத்தக்க எண்ணா? அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டுகிறது. கிராமப்புறத்தில் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் அரசுப் பள்ளியில் இருந்தவர்கள் 2018இல் 67.4 சதவீதம், 2022இல் 75.7 சதவீதம். கொரோனாவில் வருமானம் போன குடும்பங்கள் லட்சக்கணக்கில் அரசுப் பள்ளிக்கு வந்தன. அது கிடைத்தற்கரிய வாய்ப்பு. வந்தவர்களைப் பிடித்துவைக்க வகுப்புக்கு ஓர் ஆசிரியரை அன்றே கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. 2024இல் அந்தப் பங்கு 68.7 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது.

நல்லது நடக்காமல் இல்லை. 2023 ஆகஸ்ட் 25இல் திருக்குவளையில் தொடங்கி எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவு, விடியலில் நடவுக்குப் போகும் தாய்க்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை வயல்காட்டு ஊர்களில் கேட்டால் தெரியும். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவை விரித்தபோது செலவுக் கணக்குப் பேசியவர்களுக்குக் காலம் பதில் சொன்னது. இதற்கும் சொல்லும். ஆனால் காலையில் உப்புமாவும் கிச்சடியும் சாப்பிட்டுத் தெம்பாக உட்காரும் பிள்ளைக்கு முன்னால் ஆசிரியர் நிற்க வேண்டாமா?

என் வாதம் எளியது. தொடக்கப்பள்ளியில் பிள்ளைகள் எத்தனை பேர் என்று பார்க்காமல் வகுப்புக்கு ஒருவர் என்ற கொள்கையை நோக்கி மாநிலம் நகர வேண்டும். உடனே முடியாவிட்டால் எந்தத் தொடக்கப்பள்ளியிலும் மூவருக்குக் குறையக் கூடாது என்று தொடங்கலாம். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கென ஒருவரைத் தனியாக ஒதுக்கி, அவரை மாற்றுப்பணிக்கு அனுப்பக் கூடாது என்று ஆணையிடலாம். சட்டத்தின் அட்டவணை குறைந்தபட்சத்தைத்தான் சொல்கிறது. அதற்கு மேல் கொடுக்கக் கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. பணம் எங்கே என்று கேட்பார்கள். ஒன்றிய அரசு தேசியக் கல்விக் கொள்கைப் பிணக்கில் 2024-25க்கான 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்த காலத்தில் இந்தக் கேள்வி நியாயமாகவே ஒலிக்கும். ஆனால் இன்று வேனில் ஏறும் பிள்ளைக்கு அதன் குடும்பம் ஆண்டுதோறும் கட்டும் பணமும் இந்த மாநிலத்தின் பணம்தான், அதுவும் அதன் ஏழைகளின் பணம்.

தேர்ச்சிப் பட்டியலோடு இன்னொரு பட்டியலையும் வெளியிட வேண்டும். எமிஸில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி எண் இருக்கிறது. ஒரு மாவட்டத்தில் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு அறைக்கு வந்தார்கள், எத்தனை பேர் பன்னிரண்டுக்கு வந்தார்கள், நடுவில் யார் எந்த வகுப்பில் காணாமல் போனார்கள் என்பதைக் கணினி சில நொடிகளில் சொல்லும். அரியலூர் அந்தப் பட்டியலிலும் முன்னால் நிற்கக்கூடும். நின்றால் அதன் பெருமை 98.82ஐவிடப் பெரியதாக இருக்கும்.

ஊரிலும் செய்யக்கூடியது உண்டு. 2022இல் மாற்றியமைக்கப்பட்ட பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோரே பெரும்பான்மை. தலைமைப் பொறுப்பில் பெரும்பாலும் தாய்மார்கள். அங்கன்வாடிப் பணியாளரிடம் ஊரில் மூன்று வயது நிரம்பிய ஒவ்வொரு குழந்தையின் பெயரும் இருக்கிறது. சேர்க்கைப் பேரணியை மார்ச்சில் நடத்துவதற்கு முன், ஜனவரியிலேயே அந்தப் பதிவேட்டை மேலாண்மைக் குழு கையில் எடுத்து, வீடு வீடாகப் போய், யார் எங்கே சேர்க்கப் போகிறார்கள், எது தடுக்கிறது என்று கேட்டு எழுதலாம். ஆசிரியர் போதாது என்பது காரணமென்றால் அதையே தீர்மானமாக்கலாம். குடியரசு நாளில் கிராமசபை கூடுகிறது. ஆசிரியர் எண்ணிக்கை முடிவாகும் ஆகஸ்டுக்கு ஆறு மாதம் முன்னால் வரும் சபை அது. இத்தனை பிள்ளைகள் இந்த ஊரில் இருக்கிறார்கள், மூன்றாவது ஆசிரியர் வந்தால் இத்தனை பேர் இங்கேயே சேர்வார்கள் என்று பெற்றோர் கையொப்பத்தோடு அங்கே தீர்மானம் போட்டு, வட்டாரக் கல்வி அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பினால், ஜூலை வரை பதில் சொல்ல அவர்களுக்கு நேரம் இருக்கிறது.